மாடி ஏறிய மாடு

தையல்காரர் வீட்டில் யாரும் கூன் போட்டு உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் தாத்தா இஞ்ச் டேப்பை எடுத்து முதுகில் வைத்து அளந்துவிடுவார்.

"என்ன இது, கேள்விக்குறி மாதிரி? நிமிரு! நாம யாரு?"

"தையல்காரர் குடும்பம், தாத்தா" என்பாள் பேத்தி.

"வேற?"

"பல்கலைக்கழகத்துல குரல் இருக்கிற குடும்பம், தாத்தா."

"ம். அந்த நினைப்பு முதுகுல இருக்கணும்."

பேத்திக்கு வயது பத்து. ஒல்லியான உடம்பு, கூரான பேச்சு. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் 'ஊசி'. தையல்காரர் வீட்டில் இதைவிட நல்ல பட்டப்பெயர் கிடைக்குமா? தாத்தாவே அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

கடையும் வீடும் ஒரே இடம். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், குறுகலான படிக்கட்டுக்கு மேலே இருந்தது. சட்டை தைக்க யார் வந்தாலும் அளவெடுத்து முடிப்பதற்குள் பெரியத்தை கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கையை விரித்து நிற்கிறவர் எங்கே ஓடுவார்?

பெரியத்தை என்றால் தாத்தாவின் அக்கா. ஊசி பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்.

"அன்னிக்குப் பல்கலைக்கழகத்துலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. சூட்கேஸ் அளவுக்கு ஒரு பதிவு மெஷின். வீடு வீடா ஏறி, ஜனங்க பாடுற பாட்டையெல்லாம் ஒலிநாடாவுல பிடிச்சாங்க" என்று தாத்தா ஆரம்பிப்பார். "அப்போ என் பையன் தொட்டில்ல இருந்தான். அழுதா தெருவே காதைப் பொத்திக்கும். எங்க அக்கா பாடினாங்க பாருங்க ஒரு தாலாட்டு! நான் தையலை நிறுத்திட்டு, கையைக் கட்டிக்கிட்டு, மூச்சுகூட விடாம கேட்டேன்."

"அந்தப் பையன் இப்போ எங்கே?" என்று புதிதாக வந்தவர் கேட்பார்.

"பஸ் ஓட்டுறான். ஹாரன் ரிப்பேரானாலும் கவலையில்ல, ஜன்னல் வழியா ஒரு குரல் கொடுத்தா போதும்."

பெரியத்தையின் குரல் வேறு எதிலும் இல்லை. அந்த ஒரு நாடாவில்தான் இருந்தது. வீட்டில் அதை ஒருவரும் திரும்பக் கேட்டதில்லை. ஆனால் அது இருக்கிறது என்பதே தாத்தாவின் முதுகுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் ஊசியின் வகுப்பைப் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஊசி விடுவாளா? போகும் வழியெல்லாம் பெரியத்தை புராணம்தான்.

காப்பகம் ஜில்லென்று இருந்தது. சுவரோடு சுவராக இரும்பு அலமாரிகள். அவற்றில் சதுரச் சதுரமான அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாடாச் சுருள்.

"நாடாவெல்லாம் வயசாகி ஒட்டிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அங்கே இருந்த மேடம். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் ஹெட்போன், மெல்லிய குரல். "கெட்டுப்போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறோம். திங்கட்கிழமை இந்தப் பாட்டெல்லாம் இணையத்துக்குப் போகுது. உலகத்துல யாரு வேணும்னாலும் கேக்கலாம். பாடினவங்க பேரும் கூடவே வரும்."

ஊசியின் கை மேலே போனது. "மேடம்! எங்க பெரியத்தை பாடினது இங்க இருக்கு!"

மேடம் சிரித்தார். தெருவின் பெயரைக் கேட்டார், தட்டினார், தேடினார். "அந்தத் தெருவுல ஒரே ஒரு நாடாதான். தையல் கடை மாடி. இதுவா?"

"அதேதான் மேடம்!"

ஒலிபெருக்கியில் கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு பாட்டு.

தடித்த ஆண் குரல். இழுத்து இழுத்து, அழுவது போலப் பாடியது.

*கண்ண மூடிட்டியா கண்ணே – இந்தக்*
*காத்தும் ஓடிப் போயிடுச்சே*
*ஊரு சத்தம் அடங்கிடுச்சே – என்*
*உசிரே நீயும் அடங்கிட்டியா*

பாட்டுக்கு முன்னாலும் நடுவிலும் ஒரு மாடு "ம்ம்மாஆஆ" என்று கத்தியது. தொலைவில் ரயில் ஒன்று 'தடக்... தடக்...' என்று போய்க்கொண்டிருந்தது.

கணினித் திரையில் எழுதியிருந்ததை மேடம் படித்தார். "பாடியவர் பெயர் தெரியவில்லை. ஆண் குரல். ஒப்பாரிப் பாட்டு. பின்னணியில் மாடு கத்துகிறது, ரயில் போகிறது."

செத்தவர்களை நினைத்து அழுது பாடுவது ஒப்பாரி. குழந்தையைத் தூங்க வைக்கப் பாடுவது தாலாட்டு. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாயை மூடவே மாட்டான் என்பதால் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். அவன் மெதுவாகக் கேட்டான். "ஏய் ஊசி, உங்க பெரியத்தைக்கு மீசை எவ்ளோ நீளம்?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியைகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். ஊசியின் காது இரண்டும் சுட்டன. ஆனால் முதுகு மட்டும் வளையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அப்படியே தாத்தாவிடம் சொன்னாள். மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தாள்தான். ஆனால் அந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

தாத்தா மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஊசியின் கையைப் பிடித்தபடி காப்பகத்துக்குப் போனார்.

மேடம் மரியாதையாக நாற்காலி போட்டார். பாட்டை மறுபடி போட்டார். தாத்தா கடைசி வரை கேட்டார். பாட்டு முடிந்த பிறகு தடித்த குரலில் ஏதோ ஒரு முணுமுணுப்பு. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அத்தோடு நாடா நின்றது.

"இது எங்க அக்கா பாடுற பாட்டுதான்மா. ஆனா குரல் எங்க அக்காவோடது இல்ல."

"ஐயா, உங்க வீட்டுல பதிவு பண்ணதா இந்த ஒரு நாடாதான் இருக்கு."

"அப்போ எங்க அக்கா எங்க?"

மேடத்துக்கு வருத்தமாக இருந்தது. "தெரியலங்க ஐயா. அவங்க பேரைப் போட எனக்கும் ஆசைதான். ஆனா காதுல கேக்கிறதைத்தான் நாங்க எழுதணும். வீட்டுல சொல்றதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா, அப்புறம் இந்த அலமாரியில இருக்கிற எதையுமே யாரும் நம்ப மாட்டாங்க."

தாத்தா எழுந்தார். "அது நியாயம். உங்க வேலையை நீங்க ஒழுங்கா செய்றீங்க. வரேன்மா."

அன்று மாலை ஒருவர் சட்டை தைக்கக் கொடுக்க வந்தார். தாத்தா அளவெடுத்தார், துணியை வாங்கி வைத்தார், அனுப்பிவிட்டார். கதை சொல்லவில்லை.

"என்ன பெரியவரே, இன்னிக்கு ஒண்ணும் காணோம்?" என்று அவரே கேட்டுப் பார்த்தார். தாத்தா ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"ஒருவேளை மெஷின்ல பதிவே ஆகலையோ என்னமோ" என்று பிறகு தனக்குத்தானே சொன்னார். "வேற யாரோ பாடினதை எங்க அக்கா பாடினதுன்னு நான்தான் இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனோ."

ஊசி நிமிர்ந்து பார்த்தாள். தையல் இயந்திரத்தின் முன்னால் தாத்தா கூன் போட்டு உட்கார்ந்திருந்தார். அச்சு அசல் கேள்விக்குறி.

 ரேடியோ என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த முதுகு இப்படியே இருக்கக் கூடாது. திங்கட்கிழமைக்குள் இதற்கு ஒரு வழி பண்ணியே ஆக வேண்டும்.

"தாத்தா, நம்ம வீட்டுல எப்பவாவது மாடு இருந்துச்சா?"

"மாடா? மாடியிலயா? நம்ம படிக்கட்டுல சோபாவே ஏறல. கயிறு கட்டி ஜன்னல் வழியாத்தான் தூக்கினோம்."

"கீழே தெருவுல?"

"கீழே அப்போ கண்ணாடிக் கடை. மாடு வந்தா விட்டுடுவாங்களா?"

"ரயில்?"

"தண்டவாளம் இந்தப் பக்கமே கிடையாது. ஏன் என் உயிரை எடுக்கிற?"

"எடுக்கல தாத்தா. அளவெடுக்கிறேன்."

வீட்டில் மாடு இல்லை, தெருவில் ரயில் இல்லை. ஆனால் நாடாவில் இரண்டும் இருக்கின்றன. எங்கோ தையல் பிரிந்திருக்கிறது. அது எந்த இடம் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை. அப்பாவுக்கு விடுமுறை, ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஊசி சுவரைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஊசி, வாசல்ல யாரோ மாமா வந்து பேசுறாரு பாரு. உக்காரச் சொல்லு!"

ஊசி எழுந்து போய்ப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. தம்பிதான் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் பாடும் முயல் பொம்மை. வாங்கிய புதிதில் "நாஆன் குட்டி முயல்!" என்று கீச்சுக் குரலில் பாடும். இப்போது பேட்டரி தீர்ந்துபோய், "நாஆஆன்... குட்ட்டீ... முயஅஅல்ல்..." என்று தொண்டை கட்டிய பயில்வான் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

"மாமா இல்லம்மா. முயல்!"

சொன்னவள் அப்படியே நின்றாள்.

முயல். மாமா. மெதுவாக ஓடினால் கீச்சுக் குரல் தடித்துப் போகிறது. முயலே மாமா ஆகிவிடுகிறது.

அப்படியென்றால் பெரியத்தை?

சுவர்க் கடிகாரத்தின் பேட்டரிகளைக் கழற்றினாள். முயலுக்குள் போட்டாள். "நான் குட்டி முயல்!" என்று அது துள்ளியது. திரும்பவும் பழைய பேட்டரியைப் போட்டாள். பயில்வான் வந்துவிட்டான்.

"கடிகாரம் ஏன்டி நின்னு போச்சு?" என்றார் அம்மா.

"நாம ஓடணும்மா, அதான்! அப்பா, சட்டையைப் போடுங்க. தாத்தா, கிளம்புங்க. மத்தியானம் காப்பகத்தைப் பூட்டிடுவாங்க!"

தாத்தா அசையவில்லை. "ஒரு தடவை அங்க தலை குனிஞ்சு வந்தது போதும். மறுபடியும் எதுக்கு?"

"தாத்தா, எனக்கு வேற எதுவும் நிச்சயமா தெரியாது. மாடு மாடி ஏறாது. அது மட்டும் தெரியும்."

தாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். முதுகு நேராக, கையில் முயலோடு நின்றாள். அவர் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்தார்.

"இஸ்திரி போட்ட சட்டை எங்க?" என்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேடம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், கொஞ்சம் இருங்க!" ஊசிக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்கு ஒரு முயலைக் காட்டணும்!"

மேடம் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "எனக்கும் அவ்வளவுதான் தெரியும்ங்க" என்றார்.

ஊசி அங்கேயே, நடைபாதையில் முயலை நிற்க வைத்தாள். நல்ல பேட்டரியில் ஒரு பாட்டு, தீர்ந்த பேட்டரியில் ஒரு பாட்டு. மேடத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மேடம், நாடா ஓட்டுற மெஷினுக்கு ஒரு வேகம்தானா?"

"ரெண்டு இருக்கு" என்றார் மேடம் மெதுவாக. "நாடாவை மிச்சம் பிடிக்க மெது வேகத்துல பதிவு பண்ணுவாங்க. தெளிவா வேணும்னா முழு வேகம். உங்க நாடா இருந்த வரிசையில மத்த எல்லாமே மெது வேகம். அதனால இதையும்..." அவர் நெற்றியில் கை வைத்தார். "இதையும் சேர்த்து மெது வேகத்துலயே ஏத்திட்டோம். பாட்டும் சோகமா இழுத்துச்சா, நான் சந்தேகமே படல."

"இதை மட்டும் முழு வேகத்துல பதிவு பண்ணியிருந்தா?"

மேடம் பூட்டிய கதவைத் திறந்தார்.

கணினி உயிர் பெற்றது. மேடம் அந்தப் பாட்டைத் திரையில் வைத்து, வேகத்தை இரண்டு மடங்காக மாற்றினார். அவர் விரல் ஒரு நொடி தயங்கியது.

"போடுங்க மேடம்" என்றாள் ஊசி.

முதலில் வந்தது மாடு. ஆனால் அது "ம்ம்மாஆஆ" என்று கத்தவில்லை. "ஞே! ஞேஏஏ!" என்று கைக்குழந்தை ஒன்று கட்டடம் அதிர வீறிட்டது.

எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன? எல்லாரும் ஏன் என்னைப் பாக்கிறீங்க?" என்றார் அப்பா. அவர் மீசை துடித்தது.

பிறகு பாட்டு எழுந்தது. இளம் பெண்ணின் குரல். தண்ணீர் போலத் தெளிவாக, தொட்டில் ஆடுகிற தாளத்தில், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பாடியது.

*ஊரு சத்தம் அடங்கிடுச்சே – என்*
*உசிரே நீயும் அடங்கிட்டியா*

அதே வார்த்தைகள்தான். ஆனால் இப்போது யாரும் சாகவில்லை. 'ஊரே அடங்கியாச்சு, நீ எப்படா அடங்குவ?' என்று ஒரு அத்தை தன் வாலுப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீறிடல் மெல்ல மெல்லத் தேம்பலாகி, பிறகு காணாமல் போனது.

தாத்தா கண்களை மூடிக்கொண்டார். "அக்கா" என்றார். அவ்வளவுதான். அப்பா நாற்காலியை இழுத்து, திரைக்கு மிகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் ரயில்? ஊசி காதைக் கூர்மையாக்கினாள். பாட்டுக்குப் பின்னால் 'கடகடகடகட' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் விழித்ததும் அவள் கேட்கிற சத்தம் அது!

"தாத்தா," என்றாள் மெதுவாக, "இது நம்ம தையல் மெஷின்."

தாத்தா ஒரு கண்ணைத் திறந்தார்.

"தையலை நிறுத்திட்டு, கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டேன்னு சொல்வீங்களே?"

"அது வந்து... அன்னிக்கு அவசரமா ஒரு சட்டை..."

அவர் முடிக்கவில்லை. பாட்டு நின்றது. அன்றைக்கு முணுமுணுப்பாகக் கேட்ட இடம் வந்தது. முழு வேகத்தில், ஒவ்வொரு வார்த்தையும் அறைந்தாற்போல விழுந்தது.

"டேய் தம்பி! நான் இங்க தொண்டை கிழியப் பாடிக்கிட்டிருக்கேன், நீ அங்க உக்காந்து மெஷினை மிதிச்சுக்கிட்டிருக்கியே! இப்பதான் கண்ணசந்திருக்கான். நிறுத்துடா!"

தாத்தா நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தார்.

"நிறுத்திட்டேன்க்கா!"

நாடாவில் 'கடகட' சட்டென நின்றது.

 பிறகு மேடம்தான் முதலில் சிரித்தார். அப்பா சிரித்தார், அறையே அதிர்ந்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் முன்னால் நிற்கிற தம்பியாக, விறைப்பாக நின்றார். முதுகு அளவுகோல் மாதிரி இருந்தது.

"நாடாவையே மறுபடி முழு வேகத்துல ஓட்டி, நல்ல பிரதி எடுத்துடுறேன்" என்றார் மேடம். "அந்த வரிசையில மிச்சம் இருக்கிறதையும் ஒவ்வொண்ணா கேட்டுப் பாக்கணும். இன்னும் எத்தனை பேருக்கு மீசை வரைஞ்சு வச்சிருக்கோமோ! ஐயா, உங்க அக்கா பேரைச் சொல்லுங்க."

தாத்தா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மேடம் தட்டினார். 'ஆண் குரல்' அழிந்தது. 'ஒப்பாரி' அழிந்தது. 'தாலாட்டு' வந்தது. பெரியத்தையின் முழுப் பெயர் திரையில் நிமிர்ந்து நின்றது.

"பின்னணியில் குழந்தை அழுகிறது" என்று தட்டிவிட்டு மேடம் தொடர்ந்தார். "தையல் இயந்திரம் ஓடுகிறது."

தாத்தா தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அந்தத் தையல் மெஷினை மட்டும் எழுதாம விட்டா நல்லாருக்கும்."

"ஐயா, காதுல கேக்கிறதைத்தான் நாங்க எழுதணும்."

தாத்தா ஊசியைப் பார்த்தார். ஊசி கூரையைப் பார்த்தாள்.

"அதுவும் நியாயம்" என்றார் தாத்தா. "எழுதுங்க. ஆனா கடைசியில நின்னுடுச்சுன்னும் எழுதிடுங்க."

மேடம் அதையும் எழுதினார்.

திங்கட்கிழமை பள்ளிக் கணினி அறையில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். முடியும்வரை ரேடியோகூடப் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததை அன்றுதான் வகுப்பு முதன்முதலாகப் பார்த்தது.

"நல்லாத்தான் பாடியிருக்காங்க" என்றான் கடைசியில். பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "ஆமா ஊசி, அன்னிக்கு ஒரு மாடு கத்துச்சே, அது எங்க போச்சு?"

வெளியே சாலையில் ஒரு பேருந்து போனது. யாரோ குறுக்கே வந்திருக்க வேண்டும். ஹாரன் சத்தம் இல்லை. ஒரு குரல் மட்டும் ஜன்னல் கண்ணாடிகளை அதிர வைத்தது.

"அந்த மாடா?" என்றாள் ஊசி, நிமிர்ந்து உட்கார்ந்தபடி. "அது இப்போ பஸ் ஓட்டுது."